மூட்டுத் தேய்மானத்துக்கு மஞ்சள்: அம்மாவுக்குக் குர்குமின் மாத்திரை கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: அம்மாவுக்கு 63 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லியிருக்கிறார். ராத்திரி மஞ்சள் பாலில் மிளகுத்தூள் போட்டுக் குடிக்கிறார், முழங்காலில் மஞ்சள் பற்றுப் போடுகிறார், வலி அதிகமான நாளில் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இப்போது உறவினர் ஒருவர் மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை டப்பா வாங்கி வந்து, இதைச் சாப்பிட்டால் தேய்ந்த மூட்டு திரும்ப வளரும் என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தம் உண்டு. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் தினமும் சாப்பிடுகிறார். மூலிகைதானே, கொடுக்கலாமா?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பால் தொடரட்டும். அந்த டப்பாவைப் பிரிக்காமல் வையுங்கள், இதய மருத்துவரிடம் காட்டாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, பதிலுக்கு என்ன எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது மஞ்சள் இல்லை, அந்த வலி மாத்திரைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் மருந்தாளுநர். மருந்துக்கடையில் நின்று பல வருடங்களாக முழங்கால் வலிக்காரர்களிடம் பேசியவன். மஞ்சளில் மருந்துக் குணம் இருக்கிறது என்று உண்மையாகவே நம்புகிறேன், ஆய்வுகளும் ஓரளவு அப்படித்தான் சொல்கின்றன. அதனால்தான் இதை மருந்தாகவே நடத்த வேண்டும் என்கிறேன். உடம்பில் ஒரு வேலையைச் செய்யும் சக்தி உள்ள பொருளுக்கு, வேண்டாத வேலையைச் செய்யும் சக்தியும் இருக்கும். வலியைக் குறைக்கும் அளவுக்கு வீரியமானது, ஆனால் வேறு எதையும் தொடாது என்று ஒரு பொருளைப் பற்றி யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

சரி, முழங்காலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தொடை எலும்பும் கால் எலும்பும் சேரும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு உறை போல மூடியிருக்கிறது. ஊரில் ‘ஜவ்வு தேய்ந்துபோச்சு’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தேய்மானம் என்ற பெயரால், வண்டி டயர் தேய்வது மாதிரி வெறும் உராய்வு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மூட்டை உள்ளே சுற்றியிருக்கும் சவ்வில் மெல்லிய அழற்சி நீடிக்கிறது, அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் குருத்தெலும்பை அரிக்கின்றன, அடியில் உள்ள எலும்பும் மாறுகிறது, வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் விட்டதால் தொடைத் தசை மெலிகிறது, தசை மெலிந்ததால் மூட்டின் மேல் விழும் பாரம் இன்னும் கூடுகிறது. குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது, அதனால் வலி அதிலிருந்து வருவதில்லை. சவ்விலிருந்தும் எலும்பிலிருந்தும் சுற்றியுள்ள தசைநார்களிலிருந்தும் வருகிறது. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிகிற முழங்கால் சிலருக்கு அதிகம் வலிக்காமலிருப்பதும், லேசான தேய்மானம் உள்ளவர் படி ஏற முடியாமல் தவிப்பதும் இதனால்தான்.

இந்த அழற்சியில்தான் மஞ்சளுக்கு வேலை. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமினும் அதன் உறவுப் பொருள்களும் அழற்சியைத் தூண்டும் சில நொதிகளையும் சமிக்ஞைகளையும் தணிக்கின்றன. ஆய்வகக் குடுவையில் இது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் குடுவையிலிருந்து முழங்காலுக்குப் போகும் வழியில் இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதல் தடை அளவு. கடையில் வாங்கும் மஞ்சள்தூளில் குர்குமின் வகைப் பொருள்கள் சுமார் 3 விழுக்காடுதான். ரகத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். மேகாலயாவின் லக்கடாங் மஞ்சளில் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்கூட இருக்கும். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் சுமார் 90 மில்லிகிராம் குர்குமின். அம்மா பாலில் போடும் அரைத் தேக்கரண்டியில் 45. மூட்டு வலி ஆய்வுகளில் கொடுத்ததோ பெரும்பாலும் ஒரு நாளைக்கு 500 முதல் 1500 மில்லிகிராம் வரை. 1000 மில்லிகிராம் வேண்டுமென்றால் நாளுக்குப் பத்துத் தேக்கரண்டிக்கு மேல் தூள் சாப்பிட வேண்டும். தயவுசெய்து யாரும் முயல வேண்டாம், வயிறு தாங்காது. மஞ்சளில் ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அது வேறு தொல்லை.

இரண்டாவது தடை உறிஞ்சுதல். குர்குமின் தண்ணீரில் கரையாது. குடலில் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். போனதையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது கிட்டத்தட்டத் தென்படவே இல்லை. மிளகில் உள்ள பிப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்ததும் உறிஞ்சுதல் 2000 விழுக்காடு கூடியது. இன்றைக்குப் பல மாத்திரை டப்பாக்களில் அச்சிடப்படும் அந்த எண் இங்கிருந்து வந்ததுதான். மிளகில் பிப்பெரின் சுமார் 5 விழுக்காடு, ஆகவே 20 மில்லிகிராமுக்கு இரண்டு சிட்டிகை மிளகுத்தூளே போதும். மஞ்சள் பாலில் மிளகு போடுவதும், பாலின் கொழுப்போடு மஞ்சளைச் சேர்ப்பதும் அர்த்தமுள்ள பழக்கங்கள். ஆனால் இருபது மடங்கு என்றவுடன் மயங்க வேண்டாம். மிகச் சிறிய ஒரு அளவு இருபது மடங்கானாலும் சிறியதாகவே இருக்கும். தினம் ஒரு தம்ளர் மஞ்சள் பால் அம்மாவுக்குத் தூக்கத்தையும் ஆறுதலையும் தரலாம், ஆய்வுகளில் பார்த்த வலிக் குறைவை அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எனக்கு முக்கியமாகப் படுபவை மூன்று. தாய்லாந்தில் பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவமனைக் குழு, 367 முழங்கால் தேய்மானக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மஞ்சள் சாறு மாத்திரை தினம் 1500 மில்லிகிராமும் மறுபாதிக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை தினம் 1200 மில்லிகிராமும் நான்கு வாரம் கொடுத்தது. 2014-ல் வெளியான முடிவில் வலியும் நடமாட்டமும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு மேம்பட்டிருந்தன. வயிற்று வலி மட்டும் ஐபுப்ரோஃபென் பக்கம் அதிகம். இரண்டாவது, 2019-ல் வெளியான இந்திய ஆய்வு. 139 பேர், குர்குமினா, டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையா என்று 28 நாள் ஒப்பீடு. வலி குறைந்தது இரண்டிலும் ஒன்றுபோலத்தான். டைக்ளோஃபெனாக் சாப்பிட்டவர்களில் 28 விழுக்காட்டினருக்கு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து தேவைப்பட்டது, குர்குமின் பக்கம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. ஆனால் யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு இது, அந்த அளவுக்குத் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஆய்வைத்தான் உங்கள் உறவினருக்குப் படித்துக் காட்டச் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட் நகரில் நடந்தது, 2020-ல் வெளியானது. முழங்காலில் வலியோடு நீர்கோத்த வீக்கமும் உள்ள 70 பேர். பாதிப் பேருக்கு மஞ்சள் சாறு கேப்சூல், பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோன்ற வெற்று கேப்சூல், 12 வாரம். 100 புள்ளி அளவுகோலில், வெற்று கேப்சூல்காரர்களைவிட மஞ்சள்காரர்களுக்கு வலி 9 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. நோயாளிகள் உணரக்கூடிய வித்தியாசம்தான், நல்ல செய்தி. ஆனால் இந்தக் குழு எம்ஆர்ஐயும் எடுத்துப் பார்த்தது. மூட்டில் கோத்த நீரின் அளவு குறையவில்லை. குருத்தெலும்பிலும் எந்த மாற்றமும் இல்லை.

ஆக, மஞ்சள் சாறு மாத்திரை சிலருக்கு வலியைக் கொஞ்சம் குறைக்கும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. மஞ்சள் மட்டும் என்றில்லை, அப்படி வளர்த்துக் காட்டிய மாத்திரை எந்த மருத்துவ முறையிலும் இதுவரை இல்லை. ‘மூட்டு திரும்ப வளரும்’ என்று எந்த டப்பாவில் எழுதியிருந்தாலும், யார் சொன்னாலும், அந்த ஒரு வரியைக் கேட்டதுமே மற்ற வரிகளையும் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மூட்டு வலி ஏறி இறங்கும் தன்மையுள்ளது. தாங்க முடியாத வாரத்தில்தான் யாரும் புது மருந்து தேடுவார்கள், அந்த வாரம் கழிந்தாலே வலி கொஞ்சம் இறங்கும். வெற்று மாத்திரை கொடுத்த குழுக்களிலும் வலி கணிசமாகக் குறைவது இந்த நோயில் வழக்கம். பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரே வாரத்தில் சரியானது என்றால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவருக்கு வலி குறைந்தது உண்மை. எதனால் குறைந்தது என்பதைத்தான் ஒரு ஆளின் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது அம்மாவின் விஷயம். குர்குமின் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது என்று ஆய்வகச் சோதனைகளில் தெரிகிறது. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் செய்வதும் அதே வேலைதான். ஸ்டென்ட் அடைபடாமல் இருக்க அந்த இரண்டும் வேண்டும், மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் ரத்தக்கசிவு ஆபத்து எவ்வளவு கூடும் என்று வீட்டில் உட்கார்ந்து கணிக்க முடியாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் நேரடியானது. 2018-ல் நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு நோயாளியைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. வார்ஃபரினில் சீராக இருந்தவருக்கு, மஞ்சள் மாத்திரை தொடங்கிய சில வாரத்தில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவு 10-க்கு மேல் போய்விட்டது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். 10 என்றால் எந்த நேரமும் உள்ளே ரத்தம் கசியலாம். தயவுசெய்து ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: மஞ்சளுக்கு இடம் கொடுப்பதற்காக ஸ்டென்ட் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

அப்புறம் மிளகு. ரசத்திலும் பொங்கலிலும் போடும் மிளகைப் பற்றிப் பேசவில்லை. கேப்சூலில் செறிவாக்கிச் சேர்க்கும் பிப்பெரின், குர்குமினை உடைக்கும் நொதிகளைத் தடுத்துத்தான் அதை ரத்தத்தில் கூட்டுகிறது. அதே நொதிகள்தான் வேறு பல மருந்துகளையும் உடைக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால், இழுப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலின் ஆகியவற்றின் அளவு பிப்பெரினால் ரத்தத்தில் கூடுவதை மனிதர்களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். வேறு எந்த மாத்திரையும் சாப்பிடாத முப்பது வயதுக்காரருக்கு இது பெரிய விஷயமில்லை. முழங்கால் தேய்மானம் வருகிற வயதில் மாத்திரை டப்பி இல்லாத வீடு அபூர்வம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கல்லீரல் விஷயம் சமீப வருடங்களில் வெளிச்சத்துக்கு வந்தது. 2019-ல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே கல்லீரல் அழற்சி வரிசையாகத் தென்பட்டு, அரசு எச்சரிக்கை விடுத்தது. 2022-ல் வெளியான அமெரிக்க அறிக்கை ஒன்று, மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் மருத்துவமனைகளின் கூட்டமைப்பிலிருந்து மஞ்சளால் வந்த 10 பேரை விவரித்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது இது எல்லோருக்கும் வருவதில்லை, சிலருடைய உடம்பு மட்டும் இப்படி எதிர்வினை காட்டுகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிப் பார்த்துச் சொல்லும் வசதி நம் ஊர் மருந்துக்கடையிலோ மருத்துவரின் அறையிலோ கிடையாது. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-ல் 18 புகார்களை வைத்து எச்சரித்தது. உறிஞ்சுதலைக் கூட்டும்படி தயாரித்த மாத்திரைகளில் ஆபத்து அதிகம் என்று அது குறிப்பிட்டது. எவ்வளவோ லட்சம் பேர் சாப்பிடும் பொருளில் இவை குறைவான எண்ணிக்கைதான். ஆனால் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை சாப்பிடும் யாருக்கும் கண் மஞ்சளானால், சிறுநீர் கட்டித் தேநீர் நிறத்தில் போனால், காரணமில்லாமல் பசி போய்க் குமட்டல், அரிப்பு, அசதி வந்தால், உடனே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சரியாகிவிடுகிறது. சமையலில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம். பித்தப்பைக் கல் உள்ளவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் மாத்திரை வடிவத்தைத் தாங்களாகத் தொடவே கூடாது.

சமையல் மஞ்சளுக்கு வேறொரு கவலை உண்டு. பளபளவென்று தெரிய வேண்டும் என்பதற்காக லெட் குரோமேட் என்ற ஈய நிறமியைச் சேர்க்கும் மோசடி தெற்காசியாவில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. வங்கதேசத்தில் 2019-ல் ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்த பிறகு அரசு கடுமையாக இறங்கி, இரண்டே வருடத்தில் சந்தையிலிருந்து ஏறக்குறைய ஒழித்துக் காட்டியது. பொடியில்தான் கலப்படம், முழு விரலி வாங்கி அரைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே விரலியை மெருகேற்றும்போதே நிறமியைத் தூவியிருந்தார்கள். ஆகவே கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தேடிப் போகாதீர்கள். மெருகு குறைந்த, கொஞ்சம் மங்கலான விரலியைத் தெரிந்த விவசாயியிடமோ நம்பகமான கடையிலோ வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்வது நல்லது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, நமக்கு நல்ல மஞ்சளுக்குப் பஞ்சமில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகள். ஊர் ஊராக வரும் வண்டியிலும் போனில் ஆர்டர் எடுத்தும் விற்கிறார்கள், மூன்றே நாளில் வலி பறந்துவிடும். அவ்வளவு வேகமாக வேலை செய்யும் மூலிகை எனக்குத் தெரிந்து இல்லை, ஸ்டீராய்டு அப்படிச் செய்யும். 2022-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ‘ஆர்ட்ரி கிங்’ என்ற பெயரில் மூலிகை மாத்திரையாக விற்ற பொருளைச் சோதித்தபோது, லேபிளில் சொல்லாத டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் உள்ளே இருந்தன. சர்க்கரை உள்ளவருக்கு மறைவாக ஸ்டீராய்டு போனால் சர்க்கரை எகிறும், முகம் உப்பும், எலும்பு பலவீனமாகும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மாதக்கணக்கில் அப்படி ஒரு பொடியைச் சாப்பிட்டவர் யாராவது இதைப் படித்தால், நீங்களாக நிறுத்தாமல் பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

மற்ற மூலிகைகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆயுர்வேதத்தில் சல்லகி என்று சொல்லும் போஸ்வெல்லியா பிசினுக்கு முழங்கால் வலியில் ஓரளவு நல்ல சான்று உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பாய்வு 2014-ல் வெளியானது. அது, செறிவூட்டிய சாற்றை 90 நாள் எடுத்தவர்களுக்கு வெற்று மாத்திரையைவிட 100-க்கு 17 புள்ளி வரை வலி குறைந்ததாகக் கணக்கிட்டது. ஆய்வுகள் சிறியவை, இருந்தும் மூலிகைகளில் மஞ்சளுக்குச் சமமாக இதை வைப்பேன். வீட்டில் புகை போட வாங்கும் சாம்பிராணியை உள்ளுக்கு எடுக்கக் கூடாது, அது வேறு. இஞ்சிக்கு உள்ள பலன் சிறிது. முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் எனக்குப் பிரியமானவை, அம்மாவுக்கும் செய்து கொடுங்கள், நல்ல உணவு. முழங்கால் தேய்மானத்தில் மனிதர்களிடம் முறையாகச் சோதித்த சான்று அவற்றுக்கு மிகக் குறைவு. சித்த மருத்துவத்தில் இந்த நோயை அழல் கீல்வாயு என்று தனியாகப் பிரித்துச் சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள். அந்த வழியில் போக விருப்பமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்துக்கோ, அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்கோ போய், ஸ்டென்ட் மாத்திரைச் சீட்டைக் காட்டி, படித்த சித்த மருத்துவரிடம் கேளுங்கள். கேட்டதை இதய மருத்துவருக்கும் தெரிவியுங்கள். இரண்டு பக்கமும் மறைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

வெளிப்பூச்சுக்கு வருவோம். மஞ்சள் பற்று தோலைத் தாண்டி மூட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஈரானில் 2020-ல் முதியவர்களிடம் 5 விழுக்காடு குர்குமின் களிம்பைப் பூசிப் பார்த்தபோது, வெறும் வாசலினைவிட வலி குறைந்தது. வீட்டுப் பற்றில் இதமான சூடும் தடவும் கையும் தருகிற நிம்மதியும் சேர்ந்திருக்கிறது. நல்லெண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடலாம், நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும், ஆகவே ஒத்தடத்தின் சூட்டை உங்கள் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். எருக்கு இலை வைத்துக் கட்டுவது வேண்டாம், அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

இனி அந்த வலி மாத்திரை. கடையில் மூட்டு வலி என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது டைக்ளோஃபெனாக் அல்லது அசெக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை. இதயத் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013-லேயே முடிவு செய்தது. மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, சிறுநீரகத்தைச் சிரமப்படுத்துகிறது. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ஏற்கனவே இருக்கும் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். ஐபுப்ரோஃபென் இன்னும் ஒரு வழியில் கெடுதல், ஆஸ்பிரின் தட்டணுவில் வேலை செய்வதையே அது தடுத்துவிடும். அம்மா எந்த மாத்திரை போடுகிறார் என்று அட்டையைப் பாருங்கள். இதற்கு மாற்றாக மருத்துவரிடம் டைக்ளோஃபெனாக் ஜெல் பற்றிக் கேளுங்கள். முழங்காலில் பூசும்போது மாத்திரையில் போவதில் சுமார் 6 விழுக்காடுதான் ரத்தத்துக்குப் போகிறது. முழங்கால் தேய்மானத்துக்கு உலகம் முழுக்க முதலில் பரிந்துரைப்பது இந்த மாதிரி ஜெல்லைத்தான். ஜெல் பூசிய இடத்தில் ஒத்தடமோ பற்றோ போடக் கூடாது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தொடைத் தசை. 2015-ல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, உடற்பயிற்சி முழங்கால் வலியை 100-க்கு சுமார் 12 புள்ளி குறைக்கிறது என்றது. ஹோபார்ட் மஞ்சள் ஆய்வின் 9 புள்ளியோடு நேருக்கு நேர் வைக்க முடியாது, ஒப்பிட்ட விதம் வேறு. ஆனால் பயிற்சிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்களின் சான்று இருக்கிறது, கல்லீரலைத் தொடாது, ஸ்டென்ட் மாத்திரையோடு மோதாது, காசும் இல்லை.

அம்மாவை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையிலும் மாலையிலும். படுத்திருக்கும்போது முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணி விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக நடக்கும். இரண்டு வாரம் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சேர்க்கலாம். முதல் சில நாள் தசை வலிக்கும், அது சேதமில்லை. மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் தொடரலாம், மூட்டு வீங்கினால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதற்குள் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் ஒரு முறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தால்கூட ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. வீட்டிலும் சில மாற்றம் செய்யுங்கள்: அரிவாள்மனைக்குப் பதில் மேசையில் வைத்து நறுக்கும் கத்தி, தரையில் உட்காராமல் உயரமான முக்காலி, குத்தவைக்கத் தேவையில்லாத வெஸ்டர்ன் கழிப்பறை அல்லது சாதாரணக் கழிப்பறையின் மேலே வைக்கும் நாற்காலி. கைத்தடி பிடிப்பதென்றால் அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டும், பலரும் தவறான பக்கத்தில் பிடிக்கிறார்கள்.

இதய மருத்துவர் டப்பாவைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னால், அப்போதும் முறையோடு கொடுங்கள். தொடங்கும் முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்து வையுங்கள், நான்கு வாரம் கழித்து இன்னொன்று. அதே வாரத்தில் வேறு புது மருந்தோ பொடியோ சேர்க்க வேண்டாம், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். படி ஏறும்போது வலி பத்துக்கு எத்தனை என்று வாரம் ஒரு முறை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். எட்டு வாரத்தில் இரண்டு புள்ளியாவது இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அந்தப் பணம் பிசியோதெரபிக்கு உதவும். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல், கறுத்த மலம் இதில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். முழங்கால் திடீரென்று சிவந்து சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அது தேய்மானம் இல்லை, மூட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம். பற்றுப் போட்டுப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கே கூட்டிப் போங்கள்.

அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது ஸ்டென்ட் மாத்திரைச் சீட்டு, கடையில் வாங்கிய வலி மாத்திரை அட்டை, உறவினர் கொடுத்த டப்பா மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டப்பாவின் பின்பக்கத்தில் பிப்பெரின் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் போகும் முன் பார்த்து வையுங்கள்.